ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு ரோட் டெஸ்ட்: இந்தப் பள்ளியில் எடுத்த 10 மணித்தியாலப் பயிற்சி

புதிதாக ஏஇசட் லைசென்ஸ் (ட்ரெய்லர் கொளுவிய பெரிய ட்ரக்கை, காற்று பிரேக்கோடு ஓடுவதற்கானது) எடுப்பவர்களுக்கு ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலிருந்து 103.5 மணித்தியாலக் கட்டாயப் பயிற்சி இருக்கிறது. இந்த ட்ரக் பயிற்சிப் பள்ளியைப் பற்றி இங்கே மற்றவர்கள் போட்டிருக்கும் கருத்துகள் எல்லாம் அதைப் பற்றியவைதான். நான் எழுதுவது வேறு ஆட்களுக்கு: லைசென்ஸ் கையில் இருக்கிறது, சில வருடமாக ஓடவில்லை, இப்போது கம்பனியின் ரோட் டெஸ்ட்டுக்குப் போகவேண்டும் என்று இருப்பவர்களுக்கு.

நான் 11 வருடம் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஓடினவன். 2019 இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரவில் நான் வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்பதால் ஸ்காபரோவில் ஒரு வேர்ஹவுஸில் பகல் வேலை எடுத்தேன். அம்மா காலமாகும் வரை ட்ரக்கில் ஏறவில்லை. 46 வயதுக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டிய மருத்துவ அறிக்கையை மட்டும் தவறாமல் கொடுத்து லைசென்ஸைக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

முன்பு என்னோடு ஓடிய தம்பி ஒருவன் தன்னுடைய கம்பனியில் கேட்டுச் சொன்னான். "அண்ணை, ரோட் டெஸ்ட் பாஸ் பண்ணினால் எடுப்பினம். பிழைச்சால் ஆறு மாதத்துக்குத் திரும்பிக் கூப்பிடமாட்டினம்." அதைக் கேட்ட அன்றைக்கே பயிற்சி எடுப்பது என்று முடிவு செய்தேன்.

இந்தப் பள்ளி பிராம்ப்டனில் இருக்கிறது. 10 மணித்தியாலத்துக்கு 1,250 டாலர், அதற்கு மேல் 13 வீத வரி. ஐந்து நாட்களாகப் பிரித்து, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தேன். பதிவு செய்ய முதல் இரண்டு விடயம் கேட்டேன், நீங்களும் கேளுங்கள். ஒன்று, கம்பனியில் இருப்பது போன்ற 53 அடி ட்ரெய்லரில்தான் பழகலாமா? இரண்டு, ஓட்டோமற்றிக் ட்ரக் இருக்கிறதா? என் லைசென்ஸ் பழையது, கியர் ட்ரக்குக்கும் சேர்த்துத்தான். (2022 ஜூலைக்குப் பிறகு ஓட்டோமற்றிக்கில் டெஸ்ட் செய்தவர்களுக்குக் கியர் ட்ரக் ஓட முடியாது என்ற கட்டுப்பாடு விழும்.) ஆனால் கம்பனியில் இப்போது இருப்பது முழுக்க ஓட்டோமற்றிக். 18 கியர் பெட்டியில் 11 வருடம் ஓடிய காலுக்கு அது பெரிய மாற்றம். பின்னுக்கு எடுக்கும்போது முன்பு சின்னக் கியரில் போட்டுக் கிளச்சை விட்டால் வண்டி தானாக ஊர்ந்துகொண்டு போகும். இதில் பிரேக்கில் வைத்த பாதத்தை மெதுவாகத் தளர்த்தித்தான் அந்த வேகத்தைப் பிடிக்கவேண்டும். இது கைக்கு வரவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

பயிற்சி தந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பஞ்சாபிக்காரர். எல்லோரையும் பாஜி (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் போக, தடுத்து, "இறங்குங்கள் பாஜி, திரும்ப ஏறுங்கள்" என்றார். ஏறும்போது முகம் ட்ரக்கைப் பார்த்து இருக்கவேண்டும், இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடியில் இருக்கவேண்டும். கம்பனிக்காரர் புள்ளி போடத் தொடங்குவது அங்கேயிருந்துதான் என்றார். ஐந்து வருடம் கொரொல்லாவில் ஏறி இறங்கியவனுக்கு அது முழுதாக மறந்து போயிருந்தது.

எனக்கு உண்மையில் பயம் இருந்தது சேர்க்கிள் செக்கில், அதாவது ஓட முதல் ட்ரக்கைச் சுற்றி வந்து செய்யும் பரிசோதனையில். கை எல்லாவற்றையும் செய்யும், ஆனால் வாயால் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும், அது வரவில்லை. காற்று பிரேக் பரிசோதனையை நான் நூற்றுக்கணக்கான தரம் தனியாகச் செய்திருக்கிறேன், ஒருநாளும் பேசிக்கொண்டு செய்ததில்லை. அவர் ஒரு ஒழுங்கு போட்டுத் தந்தார். சில்லுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, திறப்பை ஓனில் விட்டு, ட்ரக்குக்கும் ட்ரெய்லருக்கும் நிறுத்து பிரேக்கை விடுவிக்கும் மஞ்சள், சிவப்புக் குமிழ் இரண்டையும் உள்ளே தள்ளு. பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடி. ஒரு ட்ரெய்லர் கொளுவிய ட்ரக்கில் காற்றழுத்தம் 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. பிறகு பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றைக் குறை. 55க்கு வர முதலே எச்சரிக்கைச் சத்தம் கேட்கவேண்டும். இன்னும் குறைய, 45க்கும் 20க்கும் இடையில் குமிழ்கள் தானாக வெளியே பாயவேண்டும். ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். நான் போனில் பதிவு செய்துகொண்டு வந்து, வீட்டில் மகள் பரிசோதனைத் தாளைப் பிடித்தபடி கேள்வி கேட்க, கொரொல்லாவைச் சுற்றி நடந்து நடந்து பாடமாக்கினேன்.

மூன்றாம் நாள் நடந்ததுக்காகவே இந்தப் பணம் தகும் என்று சொல்வேன். ட்ரெய்லரைக் கொளுவும் பயிற்சி. பின்னுக்குப் போனேன், டக் என்று சத்தம் கேட்டது. முன்னுக்கு ஒருதரம் இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. சரி என்று இறங்கி, ட்ரெய்லரைத் தாங்கி நிற்கும் காலை உயர்த்தும் கைபிடியைத் தொட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு டோர்ச் லைட்டை நீட்டினார். முழங்காலைச் சரளைக் கல்லில் ஊன்றி உள்ளே அடித்துப் பார்த்தேன். ட்ரெய்லரின் அடித்தகட்டுக்கும், அதைத் தாங்கிப் பூட்டும் ட்ரக்கின் ஃபிஃப்த் வீலுக்கும் நடுவில் ஒரு விரல் போகும் அளவு வெளிச்சம். எனக்கு முன் வந்த வகுப்பு ட்ரெய்லரை உயரமாக விட்டுப் போயிருந்தது, நான் கொளுவ முதல் உயரத்தைப் பார்க்கவில்லை. ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் என்ற முளை பூட்டுக்குள் போகவே இல்லை, மேலே சிக்கிக்கொண்டு நின்றதால்தான் இழுத்தபோது பிடித்த மாதிரி இருந்தது. அப்படியே 401 நெடுஞ்சாலையில் ஏறி, ட்ரெய்லர் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ட்ரக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் சத்தம் போடவில்லை. பூட்டை விடுவித்து வெளியே எடுக்கவைத்தார். தகடு ஃபிஃப்த் வீலைவிடக் கொஞ்சம் பதிந்து நிற்கும் அளவுக்கு ட்ரெய்லரை இறக்கவைத்தார். திரும்பக் கொளுவினேன். இந்தமுறை டோர்ச் அடித்தபோது இடைவெளி இல்லை, பூட்டின் தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு அதையே நாலு தரம் செய்தோம்.

வீதியில் என் பிழைகள் எல்லாம் கார்ப் பழக்கத்திலிருந்து வந்தவை. கண் அடிக்கடி நடுக் கண்ணாடியைத் தேடி மேலே போனது, ட்ரக்கில் அப்படி ஒன்று கிடையாது. ஸ்டீல்ஸ் அவெனியூவில் வலது பக்கம் திரும்பும்போது சீக்கிரமே ஸ்டியரிங்கைத் திருப்பினேன், ட்ரெய்லரின் சில்லு நடைபாதை ஓரத்தில் ஏறப் பார்த்தது. ட்ரெய்லரின் பின் சில்லுத் தொகுதி முழுக்கப் பின்னால் தள்ளியிருந்தால் இன்னும் ஆழமாக முன்னுக்குப் போய்த்தான் திரும்பவேண்டும் என்று, அதை முன்னே பின்னே நகர்த்தி ஓடவைத்துக் காட்டினார். ஒரு பாலத்தைக் கடந்த உடனே "அதன் உயரம் எவ்வளவு எழுதியிருந்தது?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல முடியவில்லை. கம்பனி டெஸ்ட்டில் இதே கேள்வி வந்தது, அப்போது சொன்னேன்.

பின்னுக்கு எடுக்கும் பயிற்சியில் எனக்கு ஒரு குறை உண்டு. கூம்புகளை வைத்து, "இந்தக் கூம்புக்குச் சில்லு வந்ததும் முழுதாகத் திருப்பு" என்றுதான் எல்லோருக்கும் பழக்குகிறார்கள். அந்த யார்டில் அது சரியாக வரும், கம்பனி யார்டில் கூம்பு இருக்காது. நான் கேட்டபிறகு கூம்புகளை எடுத்துவிட்டு, இரண்டு ட்ரெய்லருக்கு நடுவில் விட வைத்தார். நீங்களும் கேளுங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். டெஸ்ட்டில் நான் இரண்டு தரம் இறங்கினேன், அதற்குப் புள்ளி குறைக்கவில்லை.

ஓடும் நேரத்தைத் தானாகப் பதியும் இலத்திரனியல் லொக் கருவி பற்றி இந்தப் பயிற்சியில் ஒன்றும் இல்லை. நான் நிறுத்தியபோது கையால் எழுதும் லொக் புத்தகம். மாகாணம் தாண்டி ஓடுபவர்களுக்கு அந்தக் கருவி கட்டாயம் என்ற விதியை 2023 ஜனவரியிலிருந்து முழுதாக நடைமுறைப்படுத்துகிறார்கள். ஒரு நாளில் கூடியது 13 மணித்தியாலம் ஓடுவது, 14 மணித்தியாலம் வேலை என்ற கணக்கு மாறவில்லை, ஆனால் கருவியைத் தொட்டுப் பழக ஒரு அரை மணித்தியாலமாவது இவர்கள் சேர்க்கவேண்டும்.

இன்னொரு குறை அலுவலகத்தில். நாலாம் நாள் ட்ரக்கில் எஞ்சின் லைட் எரிந்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தேன். அதையும் என் கணக்கில் எழுதினார்கள். கதைத்தபிறகு ஒரு மணித்தியாலம் திருப்பித் தந்தார்கள், ஆனால் கேட்காவிட்டால் போயிருக்கும். ஆகவே தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் நீங்களே குறித்து வையுங்கள்.

கம்பனி டெஸ்ட் ஒன்றேகால் மணித்தியாலம் நடந்தது, பாஸ். நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் பலகையில் போட்ட வேகத்துக்கே போனேன், அது கார்களுக்கான வேகம், ட்ரக் அதைவிடக் குறைவாகப் போகவேண்டும் என்று எழுதித் தந்தார்கள். நியாயமான குறிப்பு. பயிற்சியிலும் அதைச் சொன்னவர்தான், நான்தான் கவனிக்கவில்லை.

ஐந்தில் நாலு நட்சத்திரம். சனிக்கிழமை போகாதீர்கள், ஒரு ட்ரக்கில் இரண்டு பேரை ஏற்றுகிறார்கள். கிழமை நாளில் காலை ஏழு மணிக்கு எடுத்தால் யார்ட் முழுக்க உங்களுக்குத்தான்.