வயருக்கு ஏற்ற எம்.சி.பி.: நீண்ட காலப் பயன்பாடு காட்டும் உண்மைகள்

ஏசி போட்ட பிறகு எம்.சி.பி. (அளவுக்கு மீறி கரண்ட் போனால் தானாக ஆஃப் ஆகும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 ஆம்பியர் மாட்டிய டி.பி. பாக்ஸ்கள் (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டிகள்) சென்னையில் ஏராளம். விழுவது நின்றுவிடும். ஆனால் சுவருக்குள் ஓடுவது அதே 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர்தான். எம்.சி.பி. காப்பாற்றுவது அந்த வயரை. குறித்த ஆம்பியரைப் போல 1.13 மடங்கு போனாலும் ஒரு மணி நேரத்துக்கு அது விழக் கூடாது என்பதே தரநிலை. அதாவது 32 ஆம்பியரில் 36 வரை சும்மா நிற்கும். அதற்குள் பைப்பில் நெருக்கியடித்துக் கிடக்கும் வயரின் இன்சுலேஷன் வெந்துவிடும்.

காப்பர் வயருக்கு இந்தக் கணக்கு போதும்: லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயரில் 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, ஏசிக்குத் தனியாக இழுத்த 4 ஸ்கொயருக்கு 20. 1.5 டன் ஏசி ஓடும்போது ஏறக்குறைய 8 ஆம்பியர், 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர். இரண்டும் ஒரே லைனில் ஓடினால் 17 ஆகி, 16-ஐத் தாண்டிவிடும். லைனைப் பிரிப்பதே தீர்வு. ஏசி கிளம்பும் நொடியில் மட்டும் விழுந்தால் 'பி' வகையா என்று பாருங்கள். அது குறித்த ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். 'சி' 5 முதல் 10 மடங்கில்தான் அப்படி விழும். பழைய கம்ப்ரஸருக்கும் மோட்டாருக்கும் 'சி'தான் சரி.

காரணமே தெரியாமல் மே மாதத்தில் விழுந்தால் டெர்மினலை (வயரை ஸ்க்ரூ போட்டு இறுக்கும் இடத்தை) சந்தேகியுங்கள். எம்.சி.பி. 30 டிகிரிக்கு அளவிடப்பட்டது. மூடிய பாக்ஸுக்குள் வெப்பம் அதைத் தாண்டும். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் வயரின் முனையில் அரை அங்குலம் பழுப்பாகி, பிளாஸ்டிக் கருகிய வாடை வரும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்றில் காப்பர் இழைகள் பச்சை பூத்துவிடுகின்றன. அந்த முனையை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக உறை) அடித்து முறுக்குவதுதான் வழி. மெயினை ஆஃப் செய்தாலும் அதன் மேல்பக்கம் கரண்ட் இருக்கும், ஆகவே லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

ஷாக்கிலிருந்து காப்பது எம்.சி.பி. அல்ல, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்). அதுவோ ஓவர்லோடுக்கு விழாது, இரண்டும் வேண்டும். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. வைத்தால் ஹீட்டர் காயிலில் கசிவு வந்த மழைநாளில் ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். ஹீட்டர், வாஷிங் மெஷின், மோட்டாருக்குத் தனியாக ஒன்று போட்டால் அந்தத் தொல்லை இல்லை. இன்வெர்ட்டர் மாட்டியதும் விழத் தொடங்கினால், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் மற்ற நியூட்ரலோடு கலந்திருக்கும். அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்ய மட்டும் சம்மதிக்காதீர்கள், உயிர் போகும் விஷயம். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

த்ரீ பேஸ் வீடுகளில் நியூட்ரல் அறுந்தால் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை பாயலாம். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டையும் நம்பி அதற்கு இருக்க முடியாது. ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் தனியாக வேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 10 கே.ஏ. (10,000 ஆம்பியர் வரையிலான ஷார்ட் சர்க்யூட்டைத் துண்டிக்கும் திறன்) என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஷார்ட் சர்க்யூட்டில் விழுந்த பிறகு லீவர் தளர்ந்து ஆடினால், ஆன் ஆகிறதே என்று விட்டுவைக்காமல் மாற்றிவிடுங்கள்.