ஆக்ஸ்போர்டில் இரண்டு வாரமா, பெங்களூரில் ஆறு வாரமா, சென்னையிலேயே ஒரு கோடையா?

"வாழ்த்துகள்! உங்கள் மகள் தேர்வாகியிருக்கிறார். 20 சதவீத ஸ்காலர்ஷிப் ஒதுக்கியிருக்கிறோம். பத்து நாளுக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்."

அடையாறிலும் அண்ணா நகரிலும் பிளஸ் ஒன் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு, வெளிநாட்டுக் கோடைக்காலப் படிப்புக்கு அழைக்கும் இப்படிப்பட்ட மின்னஞ்சல் வருவது இப்போது சகஜமாகிவிட்டது. கூடவே கல் கோபுரம், வெட்டிச் சீராக்கிய புல்வெளி, நீள மேசை போட்ட சாப்பாட்டு மண்டபம் என்று படங்கள். பெற்றோருக்குப் பெருமையாகவும் இருக்கிறது, அனுப்பாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயமும் வருகிறது. என் அண்ணன் வீட்டுக்கும் ஒன்று வந்தது. நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவள் என்பதால், "நீயே பார்த்துச் சொல்லும்மா" என்று என்னிடம் விட்டுவிட்டார். தேடிப் படித்ததையும், போய் வந்த மாணவர்களிடம் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. பிள்ளை யோசித்து எழுதியதை, விஷயம் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் படித்து, எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பாரா? அது நடந்தால் எந்த ஊரானாலும் நல்லது. நடக்காவிட்டால் எவ்வளவு பழைய கட்டிடமானாலும் அது சுற்றுலாதான்.

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்

பழமையில் குறை சொல்ல முடியாது. ஆக்ஸ்போர்டின் பேலியல், மெர்ட்டன் கல்லூரிகள் 1260களில் தொடங்கியவை. கேம்பிரிட்ஜில் மிகப் பழையதான பீட்டர்ஹவுஸ் 1284இல் வந்தது. ஆனால் இந்தக் கல்லூரிகளின் உண்மையான சொத்து அங்கே பாடம் நடக்கும் விதம். மாணவர் வாராவாரம் ஒரு கட்டுரையோ கணக்குத்தாளோ எழுதிக்கொண்டு போவார். ஆசிரியரின் அறையில் ஒருவரோ இருவரோ மூவரோதான் இருப்பார்கள். எழுதியதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேச்சு. ஆக்ஸ்போர்டில் இதை ட்யூட்டோரியல் என்கிறார்கள், கேம்பிரிட்ஜில் சூப்பர்விஷன்.

நம் வீடுகளுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை பல்கலைக்கழகத்திடமிருந்து வருபவை அல்ல. கோடையில் கல்லூரி அறைகள் காலியாக இருக்கும். தனியார் நிறுவனங்கள் அவற்றை வாடகைக்கு எடுத்து, பாடத்திட்டமும் ஆசிரியர்களும் தாங்களே ஏற்பாடு செய்து நடத்துகின்றன. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது, நிறுவனத்தின் தளத்திலேயே கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இதில் கலந்துகொள்வதால் சேர்க்கையில் எந்தச் சலுகையும் கிடைக்காது என்பதையும் பல்கலைக்கழகங்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஆக்ஸ்போர்டு தன் சொந்தச் செலவில் நடத்தும் யூனிக் என்ற இலவசத் திட்டம் பிரிட்டனின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. நம் பிள்ளைகள் அதில் சேர முடியாது.

செலவு? தங்கிப் படிக்கும் இரண்டு வாரத்துக்கு 5,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். விமானம், விசா, கைச்செலவு எல்லாம் சேர்த்தால் ஏழெட்டு லட்சத்தில் போய் நிற்கும். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது கல்லூரிப் படிப்புக்காக எடுத்துவைத்த பணம்.

அத்தனை பணத்துக்கும் என்ன கிடைக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. என் பழைய மாணவி ஒருத்தி தத்துவமும் அரசியலும் படிக்கப் போனாள். திரும்பி வந்ததும் என்னிடம் காட்டியது போட்டோ அல்ல, கட்டாய வாக்களிப்பு பற்றி அவள் எழுதிய கட்டுரை. ஓரம் முழுக்கப் பென்சில் குறிப்புகள். "இது உன் கருத்தா, எங்கோ படித்ததா?" என்று ஓரிடத்தில். "இதை மறுப்பவர் என்ன சொல்வார்?" என்று இன்னோரிடத்தில். கடைசிப் பத்தியை முழுதாக அடித்துவிட்டு, "உன் வாதம் இதற்கு முந்தைய பக்கத்திலேயே முடிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முனைவர் பட்ட மாணவர். மூன்றாவது தடவை எழுதிய பிரதியைப் படித்தபோது, அவள் பள்ளியில் எழுதிய எதையும்விட அது நன்றாக இருந்தது. கிட்டத்தட்ட அதே கட்டணம் கட்டி வேறொரு நிறுவனத்தின் மூலம் போன பையனுக்கு, காலையில் பெரிய வகுப்பில் ஸ்லைடு, மதியம் படகுச் சவாரி, சனிக்கிழமை லண்டன். இரண்டு வாரத்தில் அவன் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. சந்தோஷமாகத்தான் வந்தான், நல்ல நண்பர்களும் கிடைத்தார்கள். ஆனால் அவன் அப்பா கட்டியது படிப்புக்கான பணம்.

கேம்பிரிட்ஜ் என்றதும் நம் ஊரில் ராமானுஜன் பெயரைச் சொல்லாத கன்சல்டன்ட் இல்லை. அவர் போன கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 1913 ஜனவரியில் டிரினிட்டி கல்லூரியின் கணித அறிஞர் ஹார்டிக்குத் தன் தேற்றங்களை எழுதி அனுப்பினார். ஹார்டி அவற்றை உட்கார்ந்து படித்தார், பதில் போட்டார், நிரூபணம் கேட்டார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. கப்பல் ஏறியது 1914 மார்ச்சில். எழுதியதை ஒருவர் படித்தது முதலில், பயணம் அதற்கு அப்புறம்.

பெங்களூர், பிறகு யேல்

ஆக்ஸ்போர்டிலேயே வேறு மாதிரி ஒரு கோடைத் திட்டமும் நடக்கிறது. 1610இல் நிறுவப்பட்ட வாடம் கல்லூரியில் பிராமிஸ் யூரோப் என்று கணிதத்துக்கு. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் நடந்துவரும் பிராமிஸின் ஐரோப்பியக் கிளை அது. ஐரோப்பிய மாணவர்களுக்கானது என்பதால் நமக்குக் கதவு அங்கே இல்லை. பெங்களூரில் இருக்கிறது: இந்திய அறிவியல் கழகத்தில் பிராமிஸ் இந்தியா, ஆறு வாரம்.

இதில் இடம் வாங்கப் பணம் மட்டும் போதாது. விண்ணப்பத்தோடு ஒரு கணக்குத்தாள் வரும். கோச்சிங் சென்டரில் பார்க்கிற வகைக் கணக்குகள் அல்ல. ஒன்றை வைத்துக்கொண்டு பல நாள் மண்டையைக் குடைய வேண்டியிருக்கும். முழு விடை வராவிட்டாலும், எப்படி யோசித்தாய் என்று எழுதி அனுப்ப வேண்டும். உள்ளே போனபிறகும் அதேதான். எண் கோட்பாட்டில் தினமும் ஒரு தாள், கூடவே தங்கியிருக்கும் கல்லூரி மாணவர்கள் அதைத் திருத்திக் குறிப்பெழுதிக் கொடுப்பார்கள். சூத்திரம் யாரும் தரமாட்டார்கள், பிள்ளைகளே கண்டுபிடித்து நிரூபிக்க வேண்டும். வசதி இல்லாதவர்களுக்குப் பண உதவியும் உண்டு. கணக்கில் உண்மையான பிரியம் உள்ள பிள்ளை என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். சென்ட்ரலில் ரயில் ஏறினால் போய்விடலாம் என்பது அம்மாக்களுக்கு நிம்மதி. கணக்கில் பிரியமில்லாத பிள்ளையை, பெயருக்காக இதற்குள் தள்ள வேண்டாம். ஆறு வாரம் நரகமாகிவிடும்.

அமெரிக்காவின் யேல், பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் திட்டம் வைத்திருக்கிறது: யேல் யங் குளோபல் ஸ்காலர்ஸ். 16 முதல் 18 வயதுக்காரர்களுக்கு, இரண்டு வாரம். கட்டணம் 6,000 டாலருக்கு மேல் என்றாலும், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி வெளிநாட்டு மாணவர்களுக்கும் கிடைக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகளோடு விவாதிக்கும் அனுபவம் நல்லதுதான். நான் தேடும், ஆசிரியர் பிள்ளையை எதிரில் உட்காரவைத்துச் செய்யும் திருத்தம் இதன் பிரதான அம்சம் அல்ல. பாதிக்கு மேல் உதவி கிடைத்தால் அனுப்பலாம், முழுத் தொகையும் கையிலிருந்து என்றால் வேண்டாம். அந்தப் பெயருக்கு உரியவரான எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் 1680இல் நடந்த முதல் திருமணம் அவருடையது. சென்னையில் சேர்த்த செல்வத்திலிருந்து அவர் அனுப்பிய நன்கொடைக்காக 1718இல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். தன் சொந்த வணிகத்தை வளர்த்துக்கொண்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து பதவி இழந்தவர் அவர் என்பதையும் போகிற பிள்ளை தெரிந்துகொண்டு போகட்டும்.

பணமே கேட்காத திட்டங்களை ஏன் யாரும் விளம்பரப்படுத்துவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. இஸ்ரோவின் யுவிகா என்ற விண்வெளி அறிவியல் பயிற்சி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, 2019இல் தொடங்கியது. சுமார் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களிலேயே தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதில் ஒன்று. பயணச் செலவும் சாப்பாடும் அவர்களுடையது, கிராமப்புறப் பள்ளிகளுக்கு முன்னுரிமை. கணித ஒலிம்பியாடில் படிப்படியாக மேலே வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு இன்ஸ்பயர் அறிவியல் முகாம், ஐந்து நாள். இதெல்லாம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளாக ஒட்டியிருக்கும். பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னையிலேயே

பழைய கல்லூரி வேண்டும் என்றால் நம்மிடமும் இருக்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794இன் நில அளவைப் பள்ளி. மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரி 1840இல் தொடங்கியது. அங்கே மாணவராக இருந்த, பின்னாளில் வானியற்பியலாளரான சந்திரசேகர், 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, அவருடைய நூலைக் கரைத்துக் குடித்த தைரியத்தில் நேரே ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் புது குவாண்டம் இயற்பியலைச் சொல்லி, அச்சுக்குப் போகவிருந்த தன் கட்டுரையின் பிரதியையும் கொடுத்தார். சந்திரசேகருக்கு அப்போது 18 வயதுதான் இருக்கும். கேம்பிரிட்ஜ் போனது 1930இல், நோபல் பரிசு 1983இல்.

என் அண்ணன் மகளுக்குப் பிடித்தது வரலாறு. அதனால் பெங்களூர் கணக்கு அவளுக்குப் பொருந்தவில்லை. அவளுக்கு நாங்கள் செய்தது இதுதான்: ஒரு கேள்வி, ஒரு நூலகம், ஒரு ஆசிரியர். கேள்வி, தினமும் பள்ளிக்குப் போகும்போது அவள் தாண்டிப் போகும் பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதியை வெட்டியது 1877–78 பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக. வெட்டியவர்களுக்கு என்ன கூலி? பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து ஆண்களுக்குத் தினம் ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்த கதைக்குள் அவள் இறங்கினாள். கன்னிமாரா நூலகம், இணையத்தில் ஸ்கேன் செய்து கிடைக்கும் பஞ்ச அறிக்கைகள், எழும்பூர் அருங்காட்சியகம். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் வாரம் ஒருமுறை அவள் எழுதியதைப் படித்தார். "பட்டினி கிடந்தவர்கள் என்று எழுதியிருக்கியேம்மா, அவங்க வேலையை நிறுத்திப் போராடினதும் அறிக்கையிலேயே இருக்கே, அது ஏன் உன் கட்டுரையில இல்ல?" என்று அவர் கேட்டதும், வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அறிக்கையைப் புரட்டினாள்.

இந்த வழியில் ஒரு கஷ்டம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது பெற்றோரின் வேலை. எல்லாத் தெருவிலும் பேராசிரியர் இருக்கமாட்டார். கல்லூரித் துறைகளுக்கு நேரில் போய், பிள்ளை எழுதிய இரண்டு பக்கத்தைக் கொடுத்துக் கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் கிடைக்காது. பொறியியல் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும் என்பதால் ஆக்ஸ்போர்டு சான்றிதழும் அங்கே செல்லாது. வீட்டை விட்டுத் தனியே இருந்து பழகுவது, வேறு நாட்டுப் பிள்ளைகளோடு பேசிக் கூச்சம் போவது, இதெல்லாம் சென்னையில் கிடைக்காது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

பணம் கட்டும் முன்

காலண்டரைப் பாருங்கள். நம் சிபிஎஸ்இ, மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை மே மாதம். பிரிட்டனின் திட்டங்கள் பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. பிளஸ் ஒன் பாடம் வேகம் எடுக்கும் நேரத்தில் இரண்டு வாரம் போனால், சிபிஎஸ்இயில் 75 சதவீத அட்டென்டன்ஸ் வேறு கழுத்தை நெரிக்கும். ஐபி, ஐஜிசிஎஸ்இ என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. பெங்களூரின் ஆறு வாரம் மே விடுமுறையை முழுதாக எடுத்துக்கொள்ளும், பள்ளியிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

பிரிட்டனுக்குச் சாதாரண விசிட்டர் விசாவில் போகலாம், ஆனால் நடத்தும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அங்கீகாரச் சான்றை முன்பணத்துக்கு முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? சொல்லிக்கொடுப்பவர் யார், இப்போது எங்கே என்ன ஆராய்ச்சி செய்கிறார்? பிள்ளை எத்தனை கட்டுரை எழுதும், யார் திருத்துவார், திருத்திய பிறகு தனியாக எவ்வளவு நேரம் பேசுவார்? போன வருடம் திருத்திய கட்டுரை ஒன்றை, பெயரை மறைத்துவிட்டு அனுப்ப முடியுமா? நான் அண்ணனுக்காக இதையே எழுதிக் கேட்டேன். வகுப்பின் அளவுக்குப் பதில் வந்தது, கட்டுரைக்கு வரவில்லை. இன்னொரு முறையும் கேட்டோம். அதற்குள் பத்து நாள் கெடு முடிந்து, ஸ்காலர்ஷிப்பை 30 சதவீதமாக்கி இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அண்ணன் பணம் கட்டவில்லை.