எலக்ட்ரம் வேலட்: 2017 பழைய வெர்ஷன்ல இருந்து புதுசுக்கு மாத்தின அனுபவம்

எங்க மாமா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறாரு. 2017ல எல்லாரும் பிட்காயின் பிட்காயின்னு பேசிட்டு இருந்தப்ப கையில மிஞ்சினத வெச்சு கொஞ்சம் கொஞ்சமா வாங்கி எலக்ட்ரம்ங்கிற வேலட்ல, அதாவது பிட்காயின வெச்சுக்கவும் அனுப்பவும் உதவுற சாப்ட்வேர்ல, போட்டு வெச்சாரு, அப்புறம் வேலை, பொண்ணு கல்யாணம்னு அத மறந்தே போயிட்டாரு. போன மாசம் போன் பண்ணி "மாப்ள, அந்த பழைய லேப்டாப்பு இன்னும் ஓடுது, உள்ள இருக்கிறத புது வெர்ஷனுக்கு மாத்தி குடு, அதுவே அப்டேட் பண்ணு அப்டேட் பண்ணுன்னு கேக்கும்ல"ன்னாரு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. "மாமா லேப்டாப்ப ஆன் பண்ணிக்கோங்க, வைஃபை மட்டும் கனெக்ட் பண்ணிடாதீங்க, ஞாயித்துக்கிழமை நான் நேர்ல வர்றேன்"னு சொல்லிட்டேன்.

ஏன் அப்படி பதறினேன்னு சொல்லிடுறேன், ஏன்னா இந்த ரிவியூல முக்கியமானதே அதுதான். எலக்ட்ரம் 2011ல தாமஸ் வோக்ட்லின்னு ஒருத்தர் ஆரம்பிச்ச வேலட். பிளாக்செயின, அதாவது எல்லா டிரான்ஸாக்ஷனும் பதிவான பொது கணக்குப் புத்தகத்த, மொத்தமா இறக்காம வேற சர்வர்கள கேட்டு நம்ம பேலன்ஸ காட்டும், அதனாலதான் சாதா லேப்டாப்லயும் சட்டுனு ஓடும். அந்த சர்வர யார் வேணா நடத்தலாம். காச செலவு பண்ண வேண்டிய நம்ம ரகசிய சாவி சர்வருக்கு போகவே போகாது, அதுல பயம் இல்ல. ஆனா பழைய வெர்ஷன்கள்ல ஒரு ஓட்டை இருந்துச்சு: நாம காசு அனுப்பும்போது சர்வர் ஒரு எரர் மெசேஜ் திருப்பி அனுப்பினா, அதுல என்ன எழுதி இருந்தாலும், லிங்க் இருந்தாலும் கூட, அப்படியே எலக்ட்ரம் விண்டோவிலயே காட்டிடும். 2018 டிசம்பர்ல திருடங்க நிறைய சர்வர போட்டு உக்காந்துட்டாங்க, காசு அனுப்ப போனவங்களுக்கு "செக்யூரிட்டி அப்டேட் வேணும், இங்க டவுன்லோட் பண்ணுங்க"ன்னு மெசேஜ் வந்துச்சு, அதுவும் நம்ம வேலட்டே சொல்ற மாதிரி. டவுன்லோட் பண்ணி சீட, அதாவது வேலட்ட திரும்ப உருவாக்குற ரகசிய வார்த்தைங்கள, போட்டவங்க காசு போச்சு. முதல் அலையிலயே 200 பிட்காயினுக்கு மேல. அப்புறம் 3.3.2ல அந்த மெசேஜ வெறும் எழுத்தா ஆக்கினாங்க, 3.3.3ல சர்வர் சொல்றத அப்படியே காட்டுறதையே நிறுத்திட்டாங்க.

ஆனா பழைய வெர்ஷன்ல தூங்கிட்டு இருந்தவங்களுக்கு அந்த பொறி போகல. 2020 ஆகஸ்ட்ல ஒருத்தர் 2017க்கு அப்புறம் தொறக்காத வேலட்ட தொறந்து, காசு அனுப்ப பாத்து, வந்த அப்டேட் மெசேஜ நம்பி 1,400 பிட்காயின விட்டுட்டாருன்னு அவரே எழுதினாரு. எங்க மாமா வேலட்டும் 2017, வெர்ஷன் 2.9. அளவுதான் வேற, கதை அச்சு அசல் அதேதான் ஆகி இருக்கும்.

சரி, ஞாயித்துக்கிழமை என்ன பண்ணோம்னா, பழைய லேப்டாப்ப ஓரமா வெச்சிட்டு முதல்ல என் லேப்டாப்ப எடுத்தோம். கூகிள்ல தேடவே இல்ல, மேல வர்ற விளம்பரத்துல போலி சைட் வந்து நிக்கும், அதனால அட்ரஸ் பார்ல எலக்ட்ரம் டாட் ஆர்க்னு கையால அடிச்சு போனோம். விண்டோஸ் ஃபைலோட பக்கத்துலயே சிக்னேச்சர் ஃபைலும் இருக்கும், அது டெவலப்பர் போட்ட டிஜிட்டல் கையெழுத்து, ஃபைல் அசலான்னு பாக்க, ரெண்டையும் இறக்கணும். இந்த சிக்னேச்சர் செக்கிங்தான் எலக்ட்ரம்ல எனக்கு பிடிச்ச விஷயமும், கடுப்பான விஷயமும். விண்டோஸ்ல அதுக்கு கிளியோபாட்ரான்னு ஒரு சாப்ட்வேர் போடணும், டெவலப்பர் சாவிய இம்போர்ட் பண்ணணும், அந்த சாவிய அடையாளம் காட்டுற கைரேகை எண்ண ஒரே இடத்துல பாக்காம ரெண்டு மூணு இடத்துல இருந்து எடுத்து ஒப்பிடணும், ஏன்னா போலி சைட்னா போலி சாவியும் அங்கேயே குடுப்பான். ஃபைல செக் பண்ணா அது ஒரே பதில் தராது, ஒண்ணுக்கு மேல டெவலப்பருங்க கையெழுத்து போட்டிருப்பாங்க, நம்மகிட்ட இல்லாத சாவிக்கு தெரியாத சர்டிபிகேட்னு காட்டும், இருக்கிற சாவிக்கும் இது இன்னும் உறுதி செய்யப்படலன்னு மஞ்ச கலர்ல பயமுறுத்தும். நமக்கு வேண்டியது சரிபாத்த சாவிக்கு கையெழுத்து செல்லும்னு வருதாங்கிறதுதான். வந்துச்சு. இதுக்கு மட்டும் முக்கா மணி நேரம். மாமா மாதிரி ஆளுங்க தனியா இத பண்ணவே முடியாது, எலக்ட்ரம் டீம் இதுக்கு படம் போட்டு ஒரு நல்ல வழிகாட்டி தரணும்னு உண்மையாவே ஆசைப்படுறேன், ஏன்னா இந்த ஸ்டெப்ப விட்டுட்டா மத்ததெல்லாம் பண்ணி பிரயோஜனம் இல்ல.

அப்புறம் சீடு. பீரோல மஞ்சப்பைக்குள்ள, வீட்டு பத்திரத்தோட சேத்து வெச்சிருந்தாரு மாமா, கம்பெனி டிசி புக்ல கிழிச்ச தாளோட பின்பக்கம், பால் பேனா, 12 வார்த்தை. மடிப்பு விழுந்த இடத்துல ஏழாவது வார்த்தை மங்கிப் போயிருந்துச்சு. நாலு எழுத்து, கடைசி எழுத்து மட்டும் கே-யா எல்-ஆன்னு தெரியல, ரெண்டுமே சீடு வார்த்தைங்க எடுக்கிற இங்கிலீஷ் லிஸ்ட்ல இருக்கிற வார்த்தை, ஒண்ணு 'வாக்', இன்னொண்ணு 'வால்'. புது எலக்ட்ரம்ல இன்டர்நெட்ட ஆஃப் பண்ணிட்டு 'வாக்'னு போட்டு பாத்தேன், 12 வார்த்தையும் அடிச்சு முடிச்சும் நெக்ஸ்ட் பட்டன் உயிரே வரல, மங்கலாவே நின்னுச்சு. 'வால்'னு மாத்தின உடனே பட்டன் எழுந்திரிச்சிடுச்சு. எலக்ட்ரம் சீடுக்குள்ளயே ஒரு சரிபார்ப்பு இருக்கு, தப்பான வார்த்தைய பெரும்பாலும் அங்கேயே நிறுத்திடும். அப்பவும் மனசு கேக்காம, வைஃபை இல்லாத பழைய லேப்டாப்ல வேலட் மெனுக்குள்ள போய் பாஸ்வேர்டு குடுத்து சீட தொறந்து தாளோட வார்த்தை வார்த்தையா ஒப்பிட்டோம். 'வால்'தான். மாமா அப்பதான் மூச்சு விட்டாரு. சீட மட்டும் எப்பவும் போன்ல போட்டோ எடுக்காதீங்க, போட்டோ தானா கிளவுடுக்கு போயிடும்.

ஒரு விஷயம் பல பேருக்கு தெரியாது, சீடுல காசு மட்டும்தான் திரும்பி வரும், நாம ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் எழுதி வெச்ச லேபிள் வராது, அது வேலட் ஃபைல்லதான் இருக்கும். மாமா கணக்குப்பிள்ளை இல்லையா, வாங்கின 14 தடவைக்கும் தேதி, என்ன விலை, எந்த காசுன்னு லேபிள் போட்டு வெச்சிருந்தாரு. 2022 ஏப்ரல்ல இருந்து லாபத்துக்கு 30 சதவீதம் வரி, வாங்கின விலைய மட்டும்தான் கழிக்க விடுவாங்க, அதனால இந்த லேபிளுங்க நாளைக்கு விக்கிறப்ப ரொம்ப உதவும். எக்ஸ்போர்ட் வசதி இருக்கு, ஆனா பழைய லேப்டாப்ல என்னென்ன வைரஸ் குடியிருக்குன்னு யாருக்கு தெரியும், பென்டிரைவே வேணாம்னு ஸ்கிரீன பாத்து நோட்டுல எழுதிக்கிட்டோம்.

நெட்ட போட்டதும் புது வெர்ஷன்ல பழைய வேலட் ரெஸ்டோர் ஆகி பேலன்ஸ் பைசா குறையாம வந்துச்சு, முதல் அட்ரஸும் பழைய லேப்டாப்ல இருந்த அதே அட்ரஸ். நிறைய பேரு இங்கயே முடிச்சிடுவாங்க. நான் விடல. அந்த சீடு வருஷக்கணக்கா அப்டேட்டே பாக்காத விண்டோஸ்ல இருந்தது, அத இனிமே நம்ப முடியாது. அதோட அது 1ல ஆரம்பிக்கிற பழைய வகை அட்ரஸ். எலக்ட்ரம் 3.0ல இருந்து, அதாவது 2017 கடைசில இருந்து, செக்விட்னு டிரான்ஸாக்ஷன் சைஸ குறைக்கிற புது வகை வேலட் இருக்கு, அட்ரஸ் பிசி1னு ஆரம்பிக்கும், அனுப்புற கட்டணம் குறையும். பழைய சீட அப்படியே செக்விட்டா மாத்த முடியாது, புதுசா வேலட் உருவாக்கி, புது சீடு எழுதி, காச இங்க இருந்து அங்க அனுப்பணும். அதத்தான் பண்ணோம்.

புது சீட மாமா தனித்தனி எழுத்தா, பெரிய எழுத்துல, ரெண்டு தாள்ல எழுதினாரு. காசு அனுப்புறதுக்கு முன்னாடியே அந்த புது வேலட்ட அழிச்சிட்டு தாள மட்டும் பாத்து திரும்ப உருவாக்க சொன்னேன். "இப்பதானடா எழுதுனேன்"னு அலுத்துக்கிட்டாரு, ஆனா பண்ணாரு, அதே அட்ரஸ் வந்துச்சு. காலியா இருக்கிறப்ப அழிச்சு பாத்தாதான் தைரியமா காச போட முடியும்.

14 தடவை வாங்கினது, பர்ஸ்ல தனித்தனி நோட்டு மாதிரி, 14 தனித்தனி காசா உக்காந்திருந்துச்சு. அதுல சின்னது ஒண்ண மட்டும் முதல்ல அனுப்பினோம். அட்ரஸ காப்பி பண்ணி ஒட்டினதும் முதல் நாலு கடைசி நாலுன்னு நிறுத்தாம முழுசா படிச்சு பாத்தோம், காப்பி பண்ற அட்ரஸ நடுவுல மாத்திவிடுற வைரஸ் இருக்கு. உறுதியானதும் மீதி 13ஐ ஒண்ணா அனுப்பினோம். கட்டணம் டிரான்ஸாக்ஷன் சைஸ பொறுத்தது, பழைய வகை காசு ஒவ்வொண்ணும் சுமார் 148 பைட் எடுத்துக்கும், ஆக மொத்தம் 1,950 கிட்ட, அன்னிக்கு ரேட்டு பைட்டுக்கு 3 சடோஷி (பிட்காயினோட பத்து கோடில ஒரு பங்கு), அதனால 6,000 சடோஷிக்குள்ளயே முடிஞ்சிடுச்சு. இனிமே இதே மாதிரி காசு செக்விட்ல இருந்து போனா ஒவ்வொண்ணும் 68 பைட்தான். அவசரம் இல்லன்னா ஞாயித்துக்கிழமை மாதிரி கூட்டம் கம்மியான நேரம் பாத்து அனுப்புங்க, 2024 ஏப்ரல்ல ஹாவிங், அதாவது புதுசா உருவாகுற பிட்காயின் பாதியா குறைஞ்ச நாள், அன்னிக்கு எல்லாம் கட்டணம் தாறுமாறா ஏறி கிடந்துச்சு, அந்த மாதிரி நாள்ல 13 பழைய காச நகர்த்தினா வயிறு எரியும்.

லைட்னிங் சேனல், அதாவது பிளாக்செயின்ல ஒவ்வொண்ணா பதியாம ரெண்டு பேர் நடுவுல சட்டுனு காசு அனுப்புற வழி, வெச்சிருக்கவங்களுக்கு தனியா சொல்லணும், 4.0ல இருந்து எலக்ட்ரம்ல லைட்னிங் இருக்கு. நீங்க வேலட் மாத்துறதுக்கு முன்னாடி சேனல ஒழுங்கா மூடிட்டு மாத்துங்க. பழைய வேலட் ஃபைல காப்பி பண்ணி வேற மெஷின்ல தொறந்து ஓட்டாதீங்க, பழைய நிலவரத்த வெளியிட்டா எதிர்ப்பக்கம் சேனல்ல இருக்கிற மொத்தத்தையும் எடுத்துக்கிற மாதிரிதான் லைட்னிங்கோட விதியே. மாமாவுக்கு இது இல்ல, அதனால தப்பிச்சோம்.

வேலட்டா பாத்தா எலக்ட்ரம் பழைய ஆபீஸ் சாப்ட்வேர் மாதிரிதான் இருக்கும், அழகு கிடையாது. ஐபோனுக்கு கிடையாது, அந்த பேர்ல அங்க எதாவது பாத்தா தொடாதீங்க. ஆனா புது வெர்ஷன்ல அப்டேட் விஷயத்த அவங்க கையாளுற விதம் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. முதல் தடவை தொறக்கும்போதே புது வெர்ஷன் வந்தா தகவல் சொல்லட்டுமான்னு கேக்கும், சரின்னா வந்திருக்குன்னு மட்டும் சொல்லும், தானா எதையும் இறக்காது, இன்ஸ்டால் பண்ணாது. சைட்டுக்கு போய், இறக்கி, கையெழுத்து பாத்து, போடுறது நம்ம வேலை. பட்ட அடியில கத்துக்கிட்டு இப்படி மாத்தி இருக்காங்க, இது சோம்பேறித்தனம் இல்ல, சரியான முடிவு. 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒண்ண குறைச்சது சிக்னேச்சர் செக்கிங்க சாதாரண ஆளுக்கு இவ்வளவு கஷ்டமா விட்டு வெச்சதுக்கு.

பழைய சீடு தாள கிழிக்க போனாரு மாமா, தடுத்துட்டேன், 2017ல யாருக்காவது அந்த அட்ரஸ குடுத்திருந்தா நாளைக்கு அவங்க அதுக்கே அனுப்பலாம். புது தாள் ஒண்ணு மஞ்சப்பைக்கு போச்சு, இன்னொண்ணு காங்கேயத்துல பாட்டி வீட்டுக்கு. என் லேப்டாப்ல ரெண்டு வேலட்டும் எதுக்குன்னு, அடுத்த வாரம் மாமா சொந்தமா வாங்கின லேப்டாப்ல அதே ஸ்டெப் எல்லாம் பண்ணி அங்க ரெஸ்டோர் பண்ணிட்டு என்னோடத அழிச்சிட்டோம். அவரு அந்த நோட்ட விரிச்சு வெச்சு, பழைய வேலட்டோட ஹிஸ்டரில 14 லேபிளையும் திரும்ப அடிச்சாரு. "தீபாவளி போனஸ், அக்டோபர்", "சீட்டு எடுத்ததுல மிச்சம்", "பெரியவ ஃபீஸ் கட்டினது போக" அப்படின்னு எல்லாம் தமிழ்லயே அடிச்சாரு, எலக்ட்ரம் ஒரு எழுத்து உடையாம காட்டிச்சு.