வேலை பார்த்துக்கொண்டே உளவியல் பட்டம்: சோதிக்கும் முறை எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எனக்குக் கிராணி வேலை. பகுதிநேரமாக, பெரும்பாலும் இயங்கலையில், ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் இளங்கலை முடித்திருக்கிறேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். சேரலாமா என்று கேட்டு வரும் தங்கைகள் கட்டணத்தையும் வகுப்பு நேரத்தையும்தான் விசாரிக்கிறார்கள். எப்படிச் சோதிப்பார்கள் என்று ஒருத்தியும் கேட்பதில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

காகிதத்தில் குறை இல்லை. ஒவ்வொரு பாடத்தின் முதல் பக்கத்திலும் கற்றல் அடைவுகளின், அதாவது படித்து முடித்தவருக்கு என்னென்ன வந்திருக்க வேண்டும் என்பதன், அட்டவணை இருக்கும். பட்டப் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் மலேசியத் தகுதி முகவையின் கட்டமைப்பு அறிவு, சிந்தனைத் திறன், செயல்திறன், தனிமனிதத் திறன், நெறி என்று ஐந்து தொகுதிகளைக் கேட்கிறது. அமெரிக்க உளவியல் சங்கமும் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில் இளங்கலைக்கு ஐந்து இலக்குகள் வைத்தது. பாட அறிவு அதில் ஒன்றுதான். அறிவியல் முறையில் ஆராய்வது, நெறி, தொடர்பாடல், தொழிலுக்குத் தயாராவது மற்ற நான்கு. சரி, இதையெல்லாம் கல்லூரி எப்படி அளக்கிறது?

வாராந்திர வினாடிவினா எரிச்சலாக இருக்கும், ஆனால் உதவும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டியது இதுதான்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னே நிற்பார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள் முந்துவார்கள். படிக்க வைக்கும் கருவியாக நல்ல மதிப்பெண் கொடுப்பேன். படித்ததற்குச் சாட்சியாக? கேள்வி திறந்த கொஞ்ச நேரத்திலேயே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் விடைகள் வலம் வரும். குழுப்பணியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒருவர் எழுதுவார், ஐவருக்கும் ஒரே மதிப்பெண்.

இறுதியாண்டு ஆய்வுதான் விஷயம். ஆலையில் ஷிப்டு வேலை செய்பவர்களின் தூக்கத்தைப் பற்றி எடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பாய்லர் பக்கம் வேலை செய்யும் ஓர் அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இத மேனேஜர் பாப்பாராம்மா?" அவருடைய ஓவர்டைம் கணக்கைப் போடுவதே நான்தான். நான் நீட்டும் தாளை அவர் எப்படி மறுப்பார்? அப்புறம் முறையையே மாற்றினேன். பெயர் கிடையாது, ஒட்டுக்கடையில் ஒரு பெட்டி, விரும்பியவர் போடலாம், விரும்பாதவர் தாளைச் சுருட்டி எறியலாம்.

மதிப்பீட்டுப் படிவத்தில் நெறிக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: ஒப்புதல் படிவம் இணைக்கப்பட்டுள்ளதா? இணைத்தால் முழு மதிப்பெண். பெட்டி வைத்தவளுக்கும் வைக்காதவளுக்கும் ஒன்றுதான்.

நல்லவேளை, கடைசியில் பத்து நிமிட நேர்காணல் இருந்தது. விரிவுரையாளர் அம்மா அட்டவணையைத் திரையில் போட்டு, "இரவு ஷிப்டுதான் தூக்கத்தைக் கெடுத்தது என்று இதை வைத்துச் சொல்லலாமா?" என்றார். சொல்ல முடியாது, வயது, இரண்டாவது வேலை, கைக்குழந்தை எதையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை என்றேன். அடுத்த கேள்வி: "உங்களிடம் மாட்டேன் என்று அவர்களால் சொல்ல முடிந்ததா?" அங்கேதான் பெட்டிக் கதை வெளியே வந்தது. மூன்றாண்டுப் பாடம் தலையில் ஏறியதா என்று உண்மையாகவே பார்த்த இடம் அதுதான். அதற்குப் பத்தே விழுக்காடு மதிப்பெண்!

பருவ முடிவில் ஒரு கருத்துக்கணிப்பு வரும். "ஆய்வு முறைகளை நன்கு கற்றேன்": ஒன்று முதல் ஐந்து வரை. நிரப்பினால்தான் தேர்வு முடிவு திறக்கும், எல்லாரும் நான்கைத் தட்டுவோம். தன்னைப் பற்றித் தானே சொல்வதை அப்படியே நம்பாதே என்று சொல்லிக்கொடுத்த அதே பாடத்துக்கு இந்தப் படிவம். எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். நேர்காணல் இல்லாவிட்டால் இரண்டு. இந்தப் பட்டத்தோடு ஆலோசகர் பலகை மாட்ட முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1998 ஆலோசகர் சட்டப்படி அதற்குத் தனித் தகுதியும் பதிவும் வேண்டும். எங்கள் லயத்தில் இன்னும் என்னை டாக்டரம்மா என்கிறார்கள், அது வேறு கதை. சேரப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இறுதி ஆய்வின் மதிப்பீட்டுப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள்.