மூட்டையைப் பிரித்துக் காட்டும் புண்ணாக்குக் கடை

ராசிபுரம் பக்கத்தில், எண்ணெய்ச் செக்கோடு சேர்ந்து நடக்கும் தீவனக் கடை இது. கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, மக்காச்சோள மாவு எல்லாம் கிடைக்கும். மற்ற கடைகளைவிட கிலோவுக்கு மூன்று நான்கு ரூபாய் கூடுதல்தான். இருந்தாலும் எங்கள் வீட்டுக் கறவை மாடுகள் நான்குக்கும் இங்கேதான் வாங்குகிறேன்.

காரணம் கிடங்கு. உள்ளே போய்ப் பார்க்க விடுகிறார்கள். மூட்டைகள் தரையில் கிடப்பதில்லை. மரச்சட்டத்தின்மேல், சுவரில் படாமல் அடுக்கியிருக்கிறார்கள். எந்த மூட்டையைக் காட்டினாலும் முகம் சுளிக்காமல் பிரித்துத் தருவார் கடைக்காரர். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்ப்பேன். பூசண வாடை லேசாக அடித்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன்.

இவ்வளவு கறார் எதற்கு என்று என் நாத்தனாரே கேட்கிறார். கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் தங்கினால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் பி1 என்ற நஞ்சு மாட்டின் வயிற்றுக்குள் போனால், ஈரல் அதை அஃப்ளாடாக்சின் எம்1 என்ற இன்னொரு நஞ்சாக மாற்றிப் பாலில் இறக்கிவிடும். தின்ற மறுநாளே பாலில் தெரியும். சாதாரண மாட்டில், தின்ற நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வரும்; அதிகம் கறக்கும் மாட்டில் ஆறு பங்கு வரைகூடப் போகும். பாலைக் காய்ச்சினாலும் அழியாது. பாலாடைக்கட்டியாக்கினால் இன்னும் செறிந்துவிடும். 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்ததில், 368 மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551இல் 88. எண்ணிக்கையில் முதலிடம் நமக்குத்தான். தண்ணீர் கலந்தாயா என்று பால்காரரைக் குடைபவர்கள், மாட்டுக்கு என்ன போட்டாய் என்று ஒரு நாளும் கேட்பதில்லை.

இனி குறைகள். ஐப்பசி மழையில் இங்கே வாங்கிய மக்காச்சோள மாவு, மூட்டையின் அடியில் பச்சை பூத்துக் கட்டிகட்டியாக இருந்தது. "வெயிலில் காய வைத்துப் போடுங்கள் அக்கா, மாடு தின்னும்" என்றார் கடைக்காரர். மாடு தின்னும்தான், காய வைத்தால் ஈரம் போகும், நஞ்சு போகுமா? சண்டை போட்ட பிறகே திருப்பி எடுத்துக்கொண்டார். அந்த மூட்டை அப்புறம் யார் வீட்டுக் கட்டுத்தறிக்குப் போனதோ!

இன்னொன்று, கண்ணும் மூக்கும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும் புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே தீவன ஆய்வகம் இருக்கிறது. லோடு வந்ததும் மாதிரி அனுப்பிச் சான்று வாங்கி வைக்கக் கூடாதா என்றேன். "கோழிப்பண்ணைக்காரர்கள் கேட்பார்கள், மாட்டுக்காரர்கள் யாரும் கேட்பதில்லையே" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன். ஐந்துக்கு மூன்றரை.

கடலைப் புண்ணாக்கை, பிரித்துப் பார்த்து, இங்கே வாங்கலாம். பதினைந்து நாளுக்கு வேண்டியதற்குமேல் வாங்காதீர்கள். மக்காச்சோள மாவை மழை நாளில் தொடவே வேண்டாம். பில் கேட்டால்தான் தருவார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் கடை கிடையாது.