அப்லேஷன் செய்து 3 வருடம்: என் 30 விநாடிப் புகார்

அலுவலக நண்பர் போனில் கேட்டார்: "ஏ-ஃபிப்புக்கு அப்லேஷன் செய்துகொண்டீர்களே சார், சரியாகிவிட்டதா? எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்."

ஏ-ஃபிப் என்பது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. அப்லேஷன் என்றால், தொடை வழியாக இதயத்துக்குள் குழாயை விட்டு, நுரையீரல் சிரைகள் நான்கும் இதயத்தில் வந்து சேரும் வாயைச் சுற்றிச் சுட்டு வேலி போடுவார்கள். கோளாறு பெரும்பாலும் அந்தச் சிரைகளுக்குள்தான் கிளம்புகிறது என்று 1998-இல் பிரான்சின் போர்தோவில் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் அவருக்கே தெரியும்.

முதல் 3 மாதம் படபடத்தால் கணக்கில் சேராது, சுட்ட இடம் ஆறும் காலம் என்றார்கள். (இப்போது அதை 2 மாதமாகக் குறைத்துவிட்டார்கள்.) நானும் சேர்க்கவில்லை. 11-ஆம் மாதம், சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தபோது பழைய ஆள் திரும்பி வந்தார். வீட்டில் இரண்டு நாள் சொல்லவில்லை. அப்புறம் மறுபடி போய்ப் படுத்தேன். வேலியில் இரண்டு இடத்தில் இடைவெளி விட்டு, சிரைகளுக்கும் இதயத்துக்கும் இடையே மின்தொடர்பு திரும்பியிருந்ததாம். அடைத்தார்கள். அதில்கூட எனக்குக் கோபமில்லை, தசை என்றால் ஆறத்தானே செய்யும்.

என் எரிச்சல் அந்த 30 விநாடி மேல். ஈசிஜியில் 30 விநாடி தாறுமாறாக ஓடிவிட்டால் 'நோய் திரும்பியது' என்று ஆய்வுகளில் எழுதிவிடுகிறார்கள். முன்பு எனக்கு வாரம் ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் எட்டு மணி நேரம் அடிக்கும், மாடிப்படி ஏற முடியாது. இப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம். அவர்கள் பேரேட்டில் இரண்டும் ஒன்றுதான்! மகள் வாங்கித் தந்த ஈசிஜி வாட்சும் அதே கட்சி. கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் நிற்கவில்லை. சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறவனுக்குத் துடிப்பு சீரானாலும் பக்கவாத பயம் தனிக்கணக்கு. அதை முதலிலேயே சொல்லியிருந்தார்கள், என் காதில்தான் விழவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்குப் பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துத் தூங்குகிறேன். காதைத் தலையணையில் வைத்தால் டக், டக் என்று ஒரே சீராகக் கேட்கிறது. இதற்கு என்ன விலையும் கொடுக்கலாம்.

இவ்வளவும் இருந்தும், நண்பரிடம் "பணத்துக்குப் பிடித்த கேடு, யோசித்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன். முந்தின ராத்திரி நாலு நிமிடம் அடித்திருந்தது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். அந்தக் கோபம்.