கொங்ஆன் கவிமரபு: ஆறு வார இணைய வகுப்பு பற்றி

சீன மொழி அறியாதோருக்காக ஆங்கிலத்தில் நடத்தப்படும் இந்த வகுப்பு, சீனாவின் மிங் பேரரசுக் காலத்தில், முன்னோரைப் போல எழுதாமல் சொந்தக் குரலில் எழுத வேண்டும் என்ற கொங்ஆன் மரபைக் கவிதையாக மட்டுமன்றித் திறனாய்வாகவும் கற்பிக்கும் என்று அறிவித்திருந்ததால் சேர்ந்தேன். பெருமளவு அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது.

முதல் வாரம் பின்னணிக்கே போனது. உரைநடை என்றால் சின், ஹான் காலத்தது, கவிதை என்றால் தாங் பேரரசின் செழிப்புக் காலத்தது என்று வரையறுத்து, அவற்றின் சாயலில் எழுதுவதையே புலமையாகக் கருதிய லீ பான்லோங், வாங் ஷிஜென் போன்ற மிங் காலப் புலவர்களின் செல்வாக்கை ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். ஹூபெய் மாகாணத்தின் கொங்ஆனில் பிறந்த மூன்று யுவான் சகோதரர்கள் எதை எதிர்த்தார்கள் என்பது இது தெரியாமல் விளங்காது. அவர்களைப் பெரிதும் கவர்ந்த சிந்தனையாளர் லீ ஜியின் ‘குழந்தை மனம்’ (படிப்பாலும் வழக்கத்தாலும் கெடாத இயல்பான மனம்) என்ற கருத்தும் அப்போதே அறிமுகமானது.

இரண்டாம், மூன்றாம் வாரங்களுக்காகவே கட்டணம் செலுத்தலாம். யுவான் சகோதரர்களில் இளையவரான ஜோங்தாவோவின் கவிதைகளுக்கு 1596இல் அவருடைய அண்ணன் ஹோங்தாவோ எழுதிய முன்னுரையை வரிவரியாகப் படித்தோம். தம்பியின் கவிதையில் குறையுள்ள இடங்களே தமக்கு மிகவும் பிடிக்கும் என்கிறார் அண்ணன். அவை அவனுடைய சொந்தச் சொற்கள், பிறர் மெச்சும் இடங்களிலோ சமகாலப் புலவர்களின் வாடை இன்னும் போகவில்லை என்பது அவர் தரும் காரணம். அக்காலக் கவிதைகளில் ஏதேனும் நிலைத்தால், அது தெருவில் பெண்களும் சிறுவர்களும் பாடும் பாட்டாக இருக்கலாம் என்றும் எழுதுகிறார். அணிந்துரைகளில் புகழ்மொழியே படித்துப் பழகிய எனக்கு இது வியப்பளித்தது.

குறைகளும் உண்டு. இம்மரபின் உயிர்ச்சொல்லான ‘ஷிங்லிங்’, ஒருவரின் இயல்பையும் அதிலிருந்து துலங்கும் உள்ளுயிர்ப்பையும் சேர்த்துச் சுட்டுவது. பாடக்குறிப்பில் அதை ஒற்றை ஆங்கிலச் சொல்லாக்கி முடித்துவிட்டார்கள். மூலச் சீன வரிகளும் தரப்படவில்லை. கடைசி இரண்டு வாரங்கள் வெறும் ஓட்டம். கொங்ஆனைப் பின்பற்றியவர்கள் கையில் அதன் எளிமை மலிவாகிப்போனதைக் கண்டு, ஜோங் ஷிங், தான் யுவான்சுன் என்ற இரு புலவர்கள் ஜிங்லிங் என்ற புதிய மரபின் இறுகிய, தனிமை தோய்ந்த நடைக்குத் திரும்பியதும், திறனாய்வாளர் சியான் சியானியி இரு தரப்பையும் எடைபோட்டு ஜிங்லிங்கைக் கடுமையாகச் சாடியதும் அரைமணி நேரத்தில் கடந்தன. 18ஆம் நூற்றாண்டில் கவிஞர் யுவான் மெய் அதே ஷிங்லிங்கை மீண்டும் முன்வைத்ததற்கும், 1932இல் கட்டுரையாளர் ஜோ ஸுவோரென் நவீன சீன இலக்கியத்தின் ஊற்றை மிங் இறுதிக்காலத்தில் கண்டதற்கும் தலா ஒரு படவில்லைதான். திறனாய்வு வரலாறு சூடுபிடிப்பது அங்கேதான் என்பதால் இது எனக்கு ஏமாற்றமே.

முதல் நான்கு வாரங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைத்தால், தயங்காமல் பரிந்துரைப்பேன்.